திரும்பி வராத பலூனுக்கு எழுதிய இசை

முரோய் தெத்சுரோ எழுதிய இசையில் பெரும்பகுதி, வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒலித்தது. தொலைக்காட்சி நாடகத்தில் மாமியார் மருமகளைக் குத்திப் பேசுவாள். பின்னால் அவருடைய செல்லோ முனகும். துப்பறிபவர் மழையில் ஓடுவார். காலடிச் சத்தத்துக்கு அடியில் அவருடைய டிரம் கிடக்கும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், இசை இருப்பதே தெரியக் கூடாது, ஆனால் அதை எடுத்துவிட்டால் பார்ப்பவருக்கு ஏதோ குறைய வேண்டும். இதுதான் அவருடைய தொழில். நாற்பது வருடங்களுக்கு மேல் அதைச் செய்தார். நான் அவருடைய மனைவி. என் பெயர் ஃபுசா. தோக்கியோவின் ஒலிப்பதிவுக் கூடங்களில் புல்லாங்குழல் வாசித்தவள்.

அவர் பிறந்தது, வடக்கே அப்போது ஜப்பானிடம் இருந்த கராஃபுதோத் தீவின் மேற்குக் கரையில், நோதா என்ற சின்ன ஊரில். ஒரு காகித ஆலை, ஒரு துறைமுகம், வசந்தத்தில் ஊரெல்லாம் ஹெர்ரிங் மீன் வாடை. அவ்வளவுதான் ஊர் என்பார் என் மாமியார். போர் முடிந்து தீவு ரஷ்யர்கள் கைக்குப் போனபோது முரோய் பள்ளிச் சிறுவன். ஜப்பானியர்களைக் கப்பல் கப்பலாக ஜப்பானின் ஹக்கோதாதே துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ஆலை இயந்திரங்களை ஓட்டத் தெரிந்தவர்களை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டார்கள். அவருடைய அப்பா அப்படி நின்றவர்களில் ஒருவர். அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்று மனைவியையும் மகனையும் ஏற்றிவிட்டார். அடுத்த கப்பல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கடைசியாக வந்த கப்பலில் இருந்து இறங்கிய ஒரு பக்கத்து வீட்டுக்காரர், குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அவர் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுத் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

என் மாமியார் ரூமொய் ஊரில், தன் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருந்துகொண்டு, மீன் குடல் எடுக்கும் வேலைக்குப் போனார். மகன் பள்ளிக்கூட ஹார்மோனியத்தில் தானாக வாசிக்கக் கற்றுக்கொண்டான். ஆசிரியர்கள் பூட்டி வைத்தால் ஜன்னல் வழியாக உள்ளே இறங்குவானாம். பிறகு தோக்கியோ வந்து, கபரே விடுதிகளில் பியானோ வாசித்தார். அதன்பின் ஒரு பெரிய இசையமைப்பாளரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். அந்தப் பெரியவர் காரில் போகும்போது இரண்டு வரி முணுமுணுப்பார். இவர் அதை முப்பது வாத்தியங்களுக்கு விரித்து எழுத வேண்டும். படத்தில் பெரியவரின் பெயர் வரும். இவருக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. வேகம் கிடைத்தது என்பார்.

நாங்கள் அறிமுகமானது அந்த வேகத்தால்தான். அவர் சொந்தமாக எழுத ஆரம்பித்த முதல் நாடகம். ஒலிப்பதிவுக் கூடத்தில் இசையமைப்பாளர் யாராக இருந்தாலும் "சென்செய்", அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவோம், அவர் சட்டைக் காலர் கிழிந்திருந்தாலும் சரி. எனக்குக் கொடுத்த தாளில் ஒரு நீண்ட வரி, எங்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"சென்செய், இதுல எங்க மூச்சு விடறது?"

அவர் தாளைப் பார்த்தார். "விடணுமா?" என்றார்.

கூடமே சிரித்தது. அவர் காது சிவந்துவிட்டது. அடுத்த முறை அவர் எழுதிய தாளில் ஒவ்வொரு வரியிலும் எனக்கு மூச்சுக் குறிகள் இருந்தன, தேவையே இல்லாத இடங்களில்கூட. அதைப் பார்த்து ஓபோ என்ற ஊதுகுழல் வாசிக்கும் இவாஷிதா-சான், இந்தப் பையன் உன்னைக் கல்யாணம் செய்துகொள்வான் என்று ஆருடம் சொன்னார். சொன்னபடி நடந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திரைப்படத்துக்குப் படத்தைப் பார்த்து இசை எழுதுவார்கள். வாரா வாரம் வரும் தொலைக்காட்சித் தொடருக்கு அது முடியாது. கார்ட்டூன் தொடர் என்றால், முதல் படம் வரைந்து முடிவதற்கு முன்பே, வருடம் முழுவதற்கும் வேண்டிய இசையைச் சேர்த்துப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். என்னென்ன வேண்டும் என்று ஒலி இயக்குநர் ஒரு வரிசை கொடுப்பார். காலை, மழை, லேசான சண்டை, மோசமான சண்டை, துரத்தல், தனிமை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பிறகு வாரா வாரம் அவர் அந்த இருப்பிலிருந்து எடுத்துப் படத்தில் ஒட்டுவார். எழுதியவருக்குத் தன் இசை எங்கே வரும் என்று தெரியாது. ஊர் மக்களோடு சேர்ந்து அவரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மோகு என்ற தொடர் அப்படித்தான் வந்தது. வடக்கே பனி மலையில் ஒரு வானிலை நிலையம். அங்கே தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண் பறக்கவிடும் பலூன்தான் மோகு. காற்றில் கயிறு அறுந்து திசை மாறிப் போய்விடுகிறது. ஒரு வருடம் ஊர் ஊராக அலைந்து கடைசியில் நிலையத்துக்குத் திரும்புவதாகக் கதை. ஒலி இயக்குநர் ஓனுமா. முரோயின் வயதுதான், பருத்த ஆள், வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே வேலையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"படம் ஒண்ணும் வரல. கதையும் பாதிதான் வந்திருக்கு. ஆனா அழுகை நாலு வேணும்" என்றார் அன்று.

"நாலு எதுக்கு?"

"சின்னப் பிள்ளை அழறது ஒண்ணு. பெரியவங்க யாருக்கும் தெரியாம அழறது ஒண்ணு. பலூன் அழறது ஒண்ணு."

"நாலாவது?"

"தயாரிப்பாளர் அழறது. அவருக்கு எப்படியும் தேவைப்படும்."

வரிசையில் கடைசி எண் நாற்பது. எங்கள் பேச்சில் எம்-நாற்பது, எம் என்றால் மியூசிக். அதற்கு எதிரே "வீடு திரும்புதல்" என்று இருந்தது. தொடரின் கடைசி வாரத்தில், ஒரே ஒரு முறை வரப்போகும் இசை.

முரோய் மற்றதையெல்லாம் வழக்கம்போல் மடமடவென்று எழுதினார். சண்டையை எழுதிக்கொண்டே வறுத்த கானாங்கெளுத்தி சாப்பிட்டார். நாற்பதை மட்டும் தள்ளிக்கொண்டே போனார். நான் முள்ளங்கி நறுக்கும்போது வந்து பின்னால் நிற்பார். ஏதோ கேட்க வந்து கேட்காமல் போவார். ஒரு தரம், கதவைத் திறக்கும்போது முதலில் என்ன கேட்கும் என்று கேட்டார். எந்தக் கதவு என்றேன். தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார். பதிவுக்கு முந்தின நாள் அதை ஒரே மூச்சில் எழுதி முடித்தார்.

ஒலிப்பதிவுக் கலைஞர்கள் தாளைப் பார்த்த அந்த நிமிடமே பிழையில்லாமல் வாசிப்பவர்கள். அதனாலேயே எங்களுக்கு எதுவும் மனதில் நிற்காது. வாசித்த இசையை மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். இவாஷிதா-சான் இரண்டு பதிவுகளுக்கு நடுவில் குதிரைப் பந்தயப் பத்திரிகையை விரித்துவிடுவார். நாற்பதாவது எண்ணில் மெட்டு அவருடைய ஓபோவுக்கு. எனக்கு, வழக்கமான குழலைவிட நீளமும் தணிந்த குரலும் உள்ள ஆல்ட்டோ குழல். மெட்டுக்கு அடியில், அதை எட்டப் போய் எட்டாமல் நின்று நின்று வரும் ஒரு வரி. வாசித்து முடித்ததும் இவாஷிதா-சான் பத்திரிகையை எடுக்கவில்லை. ஓபோவை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஓனுமாவின் குரல் வந்தது.

"நல்லாருக்கு. இன்னொரு தரம் வேண்டாம். இதை அடுத்த மார்ச்ல, தொடர் முடியறப்போ கேப்போம்."

அந்த வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் நாங்கள் சாப்பாட்டு மேசையைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிக்கொண்டோம். மோகு ஒரு துறைமுகத்துக்குப் போனது, ஒரு சர்க்கஸுக்குப் போனது. துரத்தல் வந்தால் முரோய் தலையாட்டுவார். தனிமை வந்தால் சோறு அள்ளுவதை நிறுத்திக்கொள்வார். மார்ச் வரும்போது நாற்பது எங்கே தொடங்கும், பலூன் மலை விளிம்பைத் தாண்டும்போதா, அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கும்போதா என்று இப்போதே யோசித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் ஒரே ஓர் இசைக்காகத்தான் அப்படிக் காத்திருந்து நான் பார்த்திருக்கிறேன்.

எதிர் அலைவரிசையில் அதே நேரத்துக்கு ஓர் இயந்திர மனிதன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். விளம்பரம் கொடுத்த மிட்டாய்க் கம்பெனி விலகிக்கொண்டது. தொடரைப் பாதியில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். பலூனை அவசரமாக வீட்டுக்குக் கொண்டுவரக்கூட நேரமில்லை. கடைசி வாரத்தில் அது தெரியாத ஒரு கடலின் மேல் தனியாக மிதக்க, பயணம் தொடர்கிறது என்று ஒரு குரல் சொல்லும். அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வாரத்துக்கு இசை ஒட்டும் நாளன்று ஓனுமா தொலைபேசியில் கூப்பிட்டார். எம்-நாற்பதைக் கடல் காட்சியில் வைத்துவிடட்டுமா, இல்லாவிட்டால் அது யார் காதுக்கும் போகாது என்றார். முரோய் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"வேண்டாம். அது திரும்பி வர்றதுக்குன்னு எழுதினது. அது திரும்பி வரலையே" என்றார்.

ஞாயிறன்று கடல் காட்சியில் தனிமைக்கென்று எழுதிய இரண்டாவது இசைதான் ஒலித்தது. அவர் மேசையைப் பழைய இடத்துக்குத் திருப்பிப் போட்டார்.

ஒரு தொடர் முடிந்தால் அதன் இசை சாவதில்லை. இருப்பில் போய்ச் சேரும். வேறு தொடர்களுக்கு எடுத்துக்கொள்வார்கள். மோகுவின் காலை இசை ஒரு சமையல் நிகழ்ச்சியில் பல வருடம் நூடுல்ஸ் கொதிக்கும்போது வந்தது. துரத்தல், விளையாட்டு விழாக்களுக்குப் போயிற்று. முரோய் அதையெல்லாம் ரசித்தார். என் பிள்ளை நல்ல வேலையில் இருக்கிறான் என்பார். எம்-நாற்பதை மட்டும் தொட விடவில்லை. ஓனுமா பல முறை கேட்டுப் பார்த்தார். ஒரு கல்யாணக் காட்சிக்குக் கேட்டார்; மறுத்தார். ஒரு நாடகத்தில் சைபீரியாவில் சிறைப்பட்ட சிப்பாய் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் காட்சிக்குக் கேட்டார். அதையும் மறுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு மனுஷன் உயிரோட வீட்டுக்கு வர்றான். அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"மோகு வரல."

"மோகு ஒரு பலூன்ங்க."

"தெரியும்."

"வரைஞ்ச பலூன்."

"அதும் தெரியும், ஃபுசா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துறைமுகத்தில் நின்ற அவருடைய அப்பாவைப் பற்றி நாங்கள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

காலம் மாறியது. பெட்டியளவு மின்கருவி ஒன்றில் முப்பது வாத்தியங்களும் வந்துவிட்டன. எனக்கு அழைப்புகள் குறைந்தன. விரல் மூட்டுகளும் மக்கர் செய்ய ஆரம்பித்தன. அவருக்கு வேலை முற்றிலும் நின்றுபோகவில்லை. மருந்து விளம்பரம், ரயில் நிலைய மணி, பகல் நேர நாடகம் என்று வந்துகொண்டிருந்தது. பழைய கார்ட்டூன் இசைகளைக் குறுந்தகடாகப் போடும் மோகம் கிளம்பியபோது மோகுவுக்கும் ஒன்று போட்டார்கள். அதில் முப்பத்தொன்பது இசைகள் இருந்தன.

அவரிடம் ஒரு பழக்கம். சும்மா இருக்கும்போது இடது கை விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். பேருந்தில், குளியல் தொட்டியில், மருத்துவர் முன்னால். எந்த மெட்டு என்று விரல்களைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

சோவியத் கலைந்து சில வருடங்களுக்குப் பிறகு, கராஃபுதோவில் பிறந்தவர்களைக் கோடையில் கல்லறை வணங்க அழைத்துப் போகும் குழுவில் நாங்களும் போனோம். ஜப்பானின் வடகோடியில் வக்கனாயிலிருந்து கப்பல், பிறகு குலுங்கிக் குலுங்கிப் போகும் ஒரு பேருந்து. வழியெல்லாம் அவர் விரல்கள் நிற்கவில்லை. நோதாவில் ஆலை மூடிக் கிடந்தது. கூரை இடிந்து உள்ளே புல் முளைத்திருந்தது. அவருடைய வீடு இருந்த இடத்தில் உருளைக்கிழங்குப் பாத்தி. அதன் ஓரத்தில் ஒரு ரஷ்யக் கிழவி வாளியோடு நின்றாள். எங்களைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று புரிந்துவிட்டது போலிருந்தது. பாத்தியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, வந்து பார்த்துக்கொள் என்பதுபோல் கையைக் காட்டினாள். அவர் போய் நடுவில் நின்றார். கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நான் அவருடைய கையைத்தான் பார்த்தேன். விரல்கள் அசையவில்லை.

அப்பாவின் கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மேட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தோம். திரும்பும் கப்பலில் அரிசி உருண்டையைப் பிரித்துக்கொண்டே, என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "உருளைக்கிழங்கு நல்லா விளைஞ்சிருந்துது" என்றார்.

ஷிராகி என்ற பெண் எங்கள் வீட்டுக்கு வந்தபோது முரோய்க்கு எழுபது வயது. அவளை ஓனுமா கூட்டிவந்தார். இப்போது கைத்தடியோடு, ஆனால் செருப்பைக் கழற்றும்போதே பேசும் வழக்கம் மாறாமல். ஷிராகி கார்ட்டூன் படங்கள் இயக்குபவள். சின்ன வயதில் பள்ளி விட்டு வந்து மோகுவின் மறு ஒளிபரப்புகளைப் பார்த்து வளர்ந்தவள். பலூன் கடல் மேல் மிதக்கத் தொடர் முடிந்த அன்று அழுதுகொண்டே படுத்தாளாம். இப்போது அதைத் திரையரங்குக்கான முழுப்படமாக எடுக்கப்போகிறாள். இசை முரோய்தான் எழுத வேண்டும் என்றாள்.

அவர் கதை என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். கடைசியில் பலூன் நிலையத்துக்கு வந்துவிடுகிறது என்றாள்.

"வருதா?"

"வருது, சென்செய்."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு குவளை தேநீர் போட்டுக் கொடுத்தறியாதவர், நான்கு பேருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசந்தது. ஓனுமா குடித்துவிட்டு, "இதுக்குத்தான் உன் மனைவி உன்னை இவ்வளவு நாளா சமையலறைக்குள்ள விடல" என்றார்.

திரைப்படம் என்பதால் இந்த முறை படத்தைப் பார்த்து எழுதலாம். காட்சிகள் முடிய முடிய அனுப்பினார்கள். புயல், துறைமுகம், சர்க்கஸ் என்று எல்லாவற்றுக்கும் புதிதாக எழுதினார். திரும்பி வரும் காட்சிக்கு மட்டும் எழுதவில்லை. அதற்கு வேண்டியது முப்பது வருடத்துக்கு முன்பே இருக்கிறதே. கம்பெனி கிடங்கிலிருந்து பழைய நாடாவை எடுத்துச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். இருவரும் போய்க் கேட்டோம்.

நாடா சுழன்றது. முதலில் கூடத்தின் அமைதி, யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம். பிறகு இவாஷிதா-சானின் ஓபோ. அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அடுத்து என் குழல் நுழைவதற்கு முன் என் மூச்சு கேட்டது. இளம் பெண்ணின் மூச்சு. யாருடையதோ போலிருந்தது. நான் முரோயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். அதன் பிறகு அந்தக் காட்சியின் படத்தை மட்டும், சத்தமில்லாமல், ஓட்டச் சொன்னார். அதையும் இரண்டு முறை பார்த்தார்.

எந்த இடத்தில் எந்த இசை என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள், நாடாவில் நானும் இருப்பதால். ஒவ்வொரு காட்சியாக ஓட்டி, பேசி முடித்து, கடைசிக் காட்சிக்கு வந்தார்கள். ஷிராகி கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். முரோய் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த இடத்துல இசை வேண்டாம்."

ஓனுமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"முப்பது வருஷமா அந்த நாடாப் பெட்டி மேல கை வைக்க விடல. கல்யாணத்துக்குக் கேட்டேன், இல்லேன்ன. சிப்பாய்க்குக் கேட்டேன், இல்லேன்ன. இப்போ பலூனே வந்து நிக்குது, அப்பவும் வேண்டாமா? உன்னை வச்சு ஒருத்தனும் பிழைக்க முடியாதுய்யா."

ஷிராகி முரோய் பக்கம் திரும்பினாள். "சென்செய், நான் அந்த இசையைக் கேட்டதுகூட இல்ல. ஓனுமா-சான் சொல்லித்தான் தெரியும். அதுக்குப் பொருத்தமா இருக்கணும்னுதான் இந்தக் காட்சியை வரைஞ்சேன். இதுல இல்லேன்னா இந்தப் படமே எனக்கு எதுக்குன்னு தெரியல."

அவர் அவளைப் பார்த்துச் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நான் பிறந்த வீடு இருந்த இடத்துல போய் நின்னேன்மா. அதுவரைக்கும் அந்த மெட்டு எனக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துது. எழுதறதுக்கு முன்னாடியே கேட்டுது. சின்னப் பையனா இருந்தப்போ, ரூமொய்ல, ஜன்னல் வழியா இறங்கி ஹார்மோனியத்துல தேடினது அதைத்தான். நோதாவுல போய் நின்னேன். நின்னுபோச்சு. காத்துதான் கேட்டுது. ஏன்னு எனக்கு அன்னிக்குப் புரியல. நேத்து நாடாவைக் கேட்டப்போ புரிஞ்சுது. அது வீட்டுக்கு வந்தவனோட இசை இல்ல. வர முடியாம தூரத்துல நிக்கறவனோடது. ஓனுமா வரிசையில 'வீடு திரும்புதல்'னு எழுதிக் கொடுத்தான். நானும் அதையே நம்பிட்டேன்."

"அப்போ அதை எங்க வைக்கறது?" என்றாள் ஷிராகி.

"நடுவுல. வழி தெரியாம கடல் மேல நிக்குது பாருங்க, அங்க. அங்க நான் புதுசா எழுதினதை எடுத்துடுங்க."

ஷிராகி படம் ஓட்டுபவரிடம் தலையசைத்தாள். கடல் காட்சியில் அவருடைய புதிய இசையை நிறுத்திவிட்டு, பழைய நாடாவைச் சேர்த்து ஓட்டினார்கள். சாம்பல் நிறக் கடல். எந்தப் பக்கமும் கரையில்லை. மோகு அசையாமல் நிற்கிறது. ஓபோ தொடங்கியது, அடியில் என் குழல் அதை எட்டப் போய் எட்டாமல் நின்றது. காட்சியில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் ஷிராகி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு துடைப்பதையும் விட்டுவிட்டாள்.

முடிந்து வெளிச்சம் வந்ததும் ஓனுமா கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அன்னிக்கு நான் போன்ல இதைத்தானே கேட்டேன்?"

"கேட்ட."

"வேண்டாம்னியே."

"சொன்னேன்."

"நல்ல ஆளுய்யா நீ" என்று ஓனுமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாடா பழையது, ஒலி மங்கல், மற்ற இசையோடு சேராது, அதே தாளை வைத்துப் புதிதாகப் பதிவு செய்துவிடலாம் என்று தொழில்நுட்பக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஷிராகி ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலி நகரும் சத்தத்தை மட்டும் எடுத்தார்கள். என் மூச்சை விட்டுவிட்டார்கள்.

படம் வெளியான வாரம் பகல் காட்சிக்குப் போனோம். அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. கடல் காட்சியில் அவர் என் பக்கம் லேசாகச் சாய்ந்தார், அவ்வளவுதான். திரும்பி வரும் காட்சியில் பலூன் மலை விளிம்பைத் தாண்டுகிறது. காற்று மட்டும் கேட்கிறது. அந்தப் பெண் பனியில் ஓடி வரும் பூட்ஸ் சத்தம். தொங்கும் கயிற்றை எட்டிப் பிடிக்கிறாள். அரங்கில் யாரும் பொட்டலம் பிரிக்கவில்லை, இருமவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை, வந்துடுச்சா என்று அம்மாவிடம் கேட்டது. வந்துடுச்சு என்றாள் அம்மா. வெளியே வந்ததும் முரோய்க்குச் சோபா நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் போலிருந்தது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அதிகம் எழுதவில்லை. கணையத்தில் நோய் கண்டு, இலையுதிர் காலத்தில் மருத்துவமனைக்குப் போனவர் பனி விழுவதற்குள் போய்விட்டார். சவச்சடங்கு நடத்தித் தருபவர், ஐயா எழுதியதில் எந்த இசையை ஒலிக்க விடலாம் என்று கேட்டார். பிக்கு ஓதும் மந்திரம் போதும் என்றேன். ஓனுமா சக்கர நாற்காலியில் வந்திருந்தார். முதல் தடவையாக ஒன்றும் பேசவில்லை.

இப்போது வீட்டில் நான் மட்டும். அவருடைய குவளை, அவருடைய செருப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. சாயங்காலம் தெருவில் காலடி கேட்டால் இரண்டு பேருக்கு அரிசி களையக் கை போகிறது. அவர் அன்று கூட்டத்தில் ஷிராகியிடம் சொன்னதை அப்போது நான் அவருடைய கதையாகத்தான் கேட்டேன். நான் போய்ச் சேர முடியாத ஒரு வீடு எனக்கும் இருக்கும் என்று நினைக்கவில்லை.

புத்தாண்டு விடுமுறையில் மோகு படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். ஷிராகி கூப்பிட்டுச் சொன்னாள். பார்க்க முடியாவிட்டால் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னாள். பார்த்தேன். புயல் வந்தது, சர்க்கஸ் வந்தது. கடல் வந்தது. ஓபோ தொடங்கியதும் ஒலியைக் கூட்டிவைத்தேன். என் மூச்சு கேட்டது; அடியில் அந்த வரி, அவர் எனக்கென்று எழுதிய வரி, நின்று நின்று வந்தது. முடியும் வரை கேட்டேன்.

அதற்குப் பிறகு காற்று திரும்பும், மோகு வடக்கே நகர ஆரம்பிக்கும், மலை தெரியும். மலை தெரிவதற்கு முன்பே எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.